கோடை விளையாட்டு முகாமில் பயிற்சியாளராகச் சேர்கிறீர்களா?

மே மாதம் பல சேகரங்களில் (ஒரு ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) விடுமுறை வேதாகமப் பள்ளியை ஒட்டி விளையாட்டு முகாமும் நடக்கிறது. வாலிபர் சங்கத்தில் நன்றாக ஆடுகிறவரைப் பிடித்துப் பயிற்சியாளராக நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆடத் தெரிவது வேறு, பிள்ளைகளை ஆட வைப்பது வேறு.

முதலில் ஆயரிடமோ முகாம் பொறுப்பாளரிடமோ மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை பந்துகள். ஒரு பயிற்சியாளருக்கு 12 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். 8 வயதையும் 14 வயதையும் ஒரே குழுவில் சேர்த்தால் சிறியவர்கள் இரண்டாம் நாளே ஒதுங்கிவிடுவார்கள். பந்தின் அளவையும் பாருங்கள். கால்பந்தில் 8 முதல் 12 வயது வரை 4ஆம் எண் பந்து போதும். கூடைப்பந்தில் சிறுவர்களுக்கு 5ஆம் எண் பந்து, வளையம் 2.60 மீட்டர் உயரம். பெரியவர்களுக்கான 3.05 மீட்டர் வளையத்தில் எறியச் சொன்னால், எட்டாத உயரத்துக்காகப் பந்தை இடுப்பிலிருந்து தூக்கி வீசப் பழகுவார்கள். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

ஒரு அமர்வுக்கு 75 நிமிடம் போதும்: உடலைச் சூடாக்க 10, திறன் பயிற்சி 25, நிழலில் தண்ணீரும் தியானமும் 15, சிறு ஆட்டம் 25. திறன் பயிற்சியில்தான் பெரும்பாலான புதியவர்கள் சறுக்குகிறார்கள். 12 பேரை வரிசையில் நிறுத்தி ஒரே பந்தைக் கொடுக்கிறார்கள். ஒரு முறைக்கு 10 விநாடி என்றாலும், 15 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குப் பந்து ஏழெட்டு தடவைதான் கிடைக்கும். அதே 12 பேரை ஆறு ஜோடிகளாக்கி ஜோடிக்கு ஒரு பந்து கொடுத்தால், அதே வேகத்தில் ஆளுக்கு 45 தடவை கிடைக்கும். வரிசையில் காத்திருக்கிற பிள்ளைதான் மண்ணை அள்ளி வீசும், பக்கத்தில் நிற்பவனைத் தள்ளும். அது குறும்பு அல்ல, சும்மா நிற்க வைத்ததன் விளைவு. விளக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். செய்து காட்டிவிட்டு விலகி நில்லுங்கள்.

அணி பிரிக்கும்போது இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லாதீர்கள். கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு நீங்கள் அதன்பிறகு சொல்லும் எந்த வசனமும் ஏறாது. உயரப்படி நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரியுங்கள். 'அவுட்' ஆனவர் உட்காரும் விளையாட்டுகளையும் தவிருங்கள். முதலில் வெளியேறுகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. ஐந்து முறை குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரட்டும்.

தியானம் ஏழு நிமிடம். அமர்வின் நடுவே வையுங்கள். முடிவில் வைத்தால் வாசலில் பெற்றோரின் வண்டிகள் நிற்கும், பிள்ளைகளின் மனம் அங்கே போய்விடும். வெயில் அவர்கள் முகத்தில் அடிக்காதபடி உட்காரவையுங்கள். ஒரு வசனம், ஒரு கேள்வி, ஒரு சிறு ஜெபம். பவுல் 1 கொரிந்தியர் 9இல் ஓட்டப்பந்தயத்தைப் பேசுவது சும்மா அல்ல. கொரிந்துவுக்கு அருகேதான் இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன, வென்றவருக்கு வாடிப்போகும் இலைக் கிரீடம் கிடைத்தது. அன்றைய பயிற்சியோடு இதை இணைத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

பிற சமயத்துப் பிள்ளைகளும் வருவார்கள். முகாமில் ஜெபமும் வேதபாடமும் உண்டு என்று அனுமதிப் படிவத்திலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஜெபத்துக்குப் பரிசு, மனப்பாட வசனத்துக்குக் கூடுதல் ஆட்ட நேரம் என்று எதையும் கட்டாதீர்கள். விளையாட்டை நேர்மையாகச் சொல்லிக்கொடுப்பதே ஊழியம்தான். கூடைப்பந்து 1891இலும் கைப்பந்து 1895இலும் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ.யில், அதாவது கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில், பிறந்தவை. சென்னையில் அமெரிக்கரான ஹாரி பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கியதும் அந்த வழியில்தான்.

கத்திரி வெயிலில் காலை 6 முதல் 8.30, மாலை 4.30க்குப் பிறகு என்று மட்டும் களத்தில் இறங்குங்கள். தாகம் எடுக்கக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல் தூள்) பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரையுங்கள். ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிஞ்சிக் கெடுதலாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிள்ளை தள்ளாடினாலோ குழப்பமாகப் பேசினாலோ அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவு தெளிவில்லாதபோது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாத சில உண்டு. எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள். பைக்கில் தனியாக வீட்டில் கொண்டுவிடுவது வேண்டாம். வாட்ஸ்அப் செய்தி பெற்றோருக்குத்தான், பிள்ளைக்கு அல்ல. மட்டையைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தக் கையைத் தொட வேண்டியிருந்தால், கேட்டுவிட்டு எல்லார் கண்முன்னும் செய்யுங்கள். யாராவது தன்னிடம் தவறாக நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் அழைக்கலாம். சேகரத்துக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைசி நாளில் கோப்பையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்த வாரம் எதில் முன்னேறினான், எதில் முன்னேறினாள் என்று பெயர் சொல்லிக் கூறுங்கள். அதற்காக முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவின் ஓரத்தில் ஆளுக்கு ஒரு வரி குறித்துவையுங்கள்.