இடைக்கால ஐரோப்பியப் பெண்களுக்கு கோர்செட் மாட்டாதீர்கள்

இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களும் நாடகத்துக்கு உடை தைப்பவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறு, கதாநாயகிக்கு கோர்செட் மாட்டிவிடுவது. தோழி நாடாவை இழுக்க, அவள் மூச்சு முட்டி நிற்பாள். உடம்பை இறுக்கும் அந்த விறைப்பான உடுப்பு 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதற்குள் இடைக்காலமே முடிந்துவிட்டது.

இடைக்காலப் பெண்கள் உடுத்தியது உள்ளே உடம்பில் நேரடியாகப் படும் நீளமான லினன் சட்டை, அதன்மேல் கம்பளி கவுன். வியர்வையை லினன் வாங்கிக்கொள்ளும். அதைச் சாம்பல் நீரில் ஊறவைத்து அடித்துத் துவைக்கலாம், கம்பளியை அடிக்கடி நனைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் அழுக்கோடே திரிந்தார்கள் என்று எழுதுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, மார்புக்கு? 2008இல் ஆஸ்திரியாவின் லெங்பர்க் கோட்டையைப் புதுப்பித்தபோது, ஒரு தரைக்கு அடியில் கொட்டி நிரப்பியிருந்த குப்பையிலிருந்து 2,700க்கும் அதிகமான துணித்துண்டுகள் கிடைத்தன. அவற்றில் நான்கு, 15ஆம் நூற்றாண்டு லினன் மார்க்கச்சைகள். இரண்டு கிண்ணங்களாக வெட்டித் தைத்தவை, பார்வைக்கு இன்றைய பிராவுக்கு அவ்வளவு நெருக்கம். எனக்கு இந்தச் செய்தி இன்றும் பிரமிப்புதான். யாரோ ஒருத்தி கிழிந்துபோனதென்று தூக்கிப்போட்ட துணி நம் எண்ணத்தையே மாற்றிவிட்டது!

ஓவியங்களைப் பார்க்கும்போதும் அவசரப்படக் கூடாது. யான் வான் எய்க் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியத்தில் பச்சைக் கவுன் அணிந்த பெண்ணைக் கர்ப்பிணி என்று பலரும் நினைக்கிறார்கள். அவள் தரையில் புரளும் கனத்த துணியை அள்ளி வயிற்றருகே பிடித்திருக்கிறாள், அவ்வளவே. அன்று அதுதான் நாகரிகம்.

கூம்புத் தொப்பியும் அப்படித்தான். அது 15ஆம் நூற்றாண்டில், முக்கியமாக பிரான்ஸ், பர்கண்டிப் பகுதிச் சீமாட்டிகள் அணிந்தது. இடைக்காலம் என்பது ஏறக்குறைய 1,000 ஆண்டுகள். 12ஆம் நூற்றாண்டு இளவரசிக்கு அதை வைத்தால் கதையே குலைந்துவிடும். மணமான பெண்களுக்குப் பொதுவாக முக்காடுதான்.

ஏழைகள் என்றால் பழுப்பும் சாம்பலும் மட்டுமே என்பது அடுத்த தவறு. வோட் செடியின் இலையிலிருந்து நீலம் எடுத்தார்கள். நம் அவுரி தருவதும் அதே சாயப்பொருள்தான். நம் மஞ்சிட்டிக்கு உறவான மேடர் வேரிலிருந்து சிவப்பு, வெல்ட் செடியிலிருந்து மஞ்சள். நீலத்தின்மேல் மஞ்சளை ஏற்றினால் பச்சை. ஆழ்ந்த நிறத்துக்குத்தான் விலை அதிகம், வெளிர் நிறங்கள் சாதாரணப் பெண்களுக்கும் எட்டின. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த துணி பழுப்பாகத்தான் வெளியே வரும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தைக்கிறவர்கள் கிரீன்லாந்தின் ஹெர்ஜோல்ஃப்ஸ்னெஸ் கவுன்களை அவசியம் பார்க்க வேண்டும். 1921இல் அங்கே, வட ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறிய நார்ஸ் மக்களின் இடைக்கால இடுகாட்டைத் தோண்டியபோது, இறந்தவர்களைச் சுற்றிப் புதைத்த கம்பளி உடைகள் உறைந்த மண்ணில் கெடாமல் கிடைத்தன. இன்று கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாக்கு மாதிரித் தொளதொளவென்று தைத்தவை அல்ல. முக்கோணத் துண்டுகளை இணைத்து, மேலே உடம்போடு படிந்து கீழே விரியும்படி வெட்டியிருக்கிறார்கள். அப்புறம், நாடா கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் அடிக்காதீர்கள். நூலால் சுற்றிக் கையாலேயே தையுங்கள், அவர்களும் அப்படித்தான் தைத்தார்கள்.