அம்பாசடருக்கு வீட்டிலேயே பாயிண்ட் மாற்றுவது எப்படி

மூன்று மாதமாக அப்பாவின் அம்பாசடர் மார்க் 4 காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது, மேடு ஏறும்போது திணறியது. கார்ப்பரேட்டர்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு ஞாயிறு அதையே கழற்றிக் கழுவினேன். கடைசியில், பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்டைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தால், அதற்குள் கரண்டை விட்டுவிட்டு வெட்டிப் பொறி வரவைக்கும் இரட்டை உலோக முகம், அதாவது பாயிண்ட், கருகிப்போய் ஒரு பக்கம் மேடாகவும் மறு பக்கம் குழியாகவும் இருந்தது. அடுத்த ஞாயிறு அதை மாற்றினேன். அரை நாள் வேலை, அதில் பாதி நேரம் நான் செய்த ஒரு தவறைக் கண்டுபிடிக்கவே போயிற்று. உங்களுக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். டீசல் வண்டிக்குப் பாயிண்டே கிடையாது. 1800 சிசி இசுசு எஞ்சின் வைத்திருப்பவர்கள் இங்கே சொல்லும் அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேண்டியவை: பாயிண்ட் செட், கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), காந்த முனை உள்ள சின்ன ஸ்க்ரூ டிரைவர். காந்த முனை கட்டாயம் வேண்டும் என்பேன். பாயிண்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ கடுகளவு, கை தவறி உள்ளே விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்ற வேண்டிவரும். கண்டென்சரில் மட்டும் விலை பார்க்காதீர்கள். நான் முதலில் வாங்கிய மலிவான புதுக் கண்டென்சர் ஒரே வாரத்தில் போய்விட்டது. அப்புறம் சென்னை போனபோது புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய இருப்பில் இருந்த ஒன்றைப் பிடித்து வந்தேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. உங்கள் பழைய கண்டென்சர் நன்றாக இருந்தால் மாற்றவே வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பியுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பேட்டரியின் எர்த் வயரை (வண்டி உடலோடு இணையும் வயர்) கழற்றிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளினால் மூடி வந்துவிடும், பிளக் வயர்களை மூடியிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. மூடிக்கு அடியில் சுற்றும் ரோட்டரை நேராக மேலே இழுத்து எடுங்கள். அடியில் இருக்கும் கிளாம்ப் போல்டை மட்டும் தொடாதீர்கள், அது டைமிங், அதாவது பொறி வரும் நேரம், அதற்கு வேறொரு ஞாயிறு.

இப்போது பழைய பாயிண்டைப் பிடித்திருக்கும் சின்ன நட்டைக் கழற்றுவதற்கு முன் ஃபோனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

அந்த நட்டு உட்காரும் தண்டு எர்த். காயிலிலிருந்து (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது) வரும் வயரும் கண்டென்சர் வயரும் எர்த்தைத் தொடவே கூடாது, பாயிண்டின் ஸ்பிரிங்கை மட்டும்தான் தொட வேண்டும். அதனால் வரிசை இதுதான்: முதலில் அடியில் ஃபைபர் வாஷர், அதன்மேல் ஸ்பிரிங்கின் வளையம், பிறகு தொப்பி மாதிரி இருக்கும் நைலான் புஷ்ஷில் இரண்டு வயரின் வளையங்களையும் கோத்து, புஷ்ஷின் குழாய்ப் பகுதி தண்டின்மேல் இறங்கும்படி கவிழ்த்து மாட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நட்டு. நான் வயர்களைப் புஷ்ஷுக்கு மேலே, நட்டுக்கு நேர் அடியில் வைத்து முறுக்கிவிட்டேன். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கரண்ட் முழுக்க எர்த்துக்குப் போனது, ஒரு துளி பொறிகூட இல்லை. காயில், பிளக், வயர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு மதியம் ஒரு மணிக்குத்தான் அந்த நைலான் துண்டு கண்ணில் பட்டது.

புதுப் பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும், மாட்டுவதற்கு முன் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது இடைவெளி. 14 முதல் 16 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, நான் வைப்பது 15, அதாவது 0.38 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் நாலு மூலையுள்ள கேம் இருக்கும், பாயிண்டின் குதிகால் (கேமில் உரசும் பகுதி) அதன் மூலை உச்சியில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். எஞ்சினைச் சுற்ற, பிளக் நாலையும் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு சாண் நகர்வதற்குள் ஒரு மூலை வந்துவிடும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், முன்சக்கரத்துக்கு ஓரடி முன்னால் ஒரு கட்டையும் போட்டுவையுங்கள். ஃபீலர் இதழ் லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும், அந்தப் பிடிமானம்தான் அளவு. ஸ்க்ரூவை இறுக்கும்போது இடைவெளி கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். கேமில் கிரீஸ் ஒரு தடவல், ரோட்டர் உட்காரும் தண்டின் நடுவில் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அதிகமானால் பாயிண்டில் தெறித்துக் கருக்கிவிடும்.

ரோட்டர், மூடி, பிளக், பேட்டரி எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு அரை சுற்றில் பிடித்தது. அப்பா சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து பானட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு மாற்றிய ஒருவருக்கு ஐடிலில் நன்றாக ஓடி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வண்டி விக்கியது. பாயிண்ட் உட்காரும் தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்குப் போகும் சின்ன எர்த் வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. வேக்குவம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு, அந்தத் தட்டை இழுக்கும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகும். வயரின் துணி உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்திருக்கும்போதே அதையும் விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

இன்னொருவர் பழைய பாயிண்டையே உப்புத்தாளில் தேய்த்து வைக்கலாமா என்று கேட்டார். வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர அது போதும். மற்றபடி, மேடு இருக்கும் பாயிண்டில் ஃபீலர் அந்த மேட்டின்மேல்தான் உட்காரும், 15 என்று காட்டும்போது உண்மையான இடைவெளி அதைவிட அதிகம்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மூடியைத் திறந்து அளந்துவிடுங்கள். புதுக் குதிகால் தேய்ந்து படியும்போது இடைவெளி குறையும், எனக்கு 15 வைத்தது 12 ஆகியிருந்தது.