உப்பு காயும் முன் எஞ்சினைக் கழுவுங்கள்

கரையேறியதும் வலையை விட்டுவிட்டு எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பேன். எங்கள் ஃபைபர் படகில் இருப்பது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின். அதைக் கழற்றி, அதன் நீண்ட அடிப்பகுதி பேரலுக்குள் இறங்கும்படி மரச்சட்டத்தில் மாட்டுவேன். படகைத் தள்ளும் காற்றாடிக்கு (புரொப்பல்லர்) மேலுள்ள தட்டு முங்கும் வரை நல்ல தண்ணீர் வேண்டும். குறைந்தால் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் சட்டென்று கருகிவிடும். ஒருமுறை அவசரத்தில் அப்படிக் கருக்கிவிட்டு, மறுநாள் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

நியூட்ரலில், குறைந்த வேகத்தில் 10 நிமிடம் ஓடட்டும். எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா, உடனே நிறுத்துங்கள். உப்போ மணலோ அடைத்திருக்கும். நைலான் நரம்பால் குத்திப் பாருங்கள்.

பேரல் தண்ணீரை மூன்று நாள் மாற்றாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. அது உப்புத் தண்ணீரில் கழுவுவதுதான்!

அப்புறம் எஞ்சினை நேராக நிறுத்தி, தண்ணீர் முழுதும் வடிய விடுங்கள்.