இருட்டில் வளர்ந்த செடி உயரமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

புதிதாகப் பாடம் நடத்த வந்தவர்களின் அறிவியல் வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது கொஞ்ச காலமாக என் வேலையாகிவிட்டது. உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் என் பழைய தவறு ஏதாவது ஒன்று கண்முன் நடக்கும். சில நேரம் நான் சொன்ன அதே வாக்கியத்தோடு. பொருள்களை முந்தைய நாளே எடுத்து வையுங்கள், லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்க விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். செய்தவன் நானே என்பதால் கூடுதலாக வரும்.

ஆறாம் வகுப்பு. பயறு ஊன்றிய தொட்டிகளில் பாதியை ஜன்னலோரம் வைத்தோம், பாதியை அலமாரிக்குள். வைப்பதற்கு முன்பே நான் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டேன்: "செடி நன்றாக வளர வெளிச்சம் தேவை." தினமும் ஸ்கேலால் உயரத்தை அளந்து நோட்டில் குறிக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் எல்லாம் கச்சிதம். ஜன்னலோரச் செடி உயரம், அலமாரிச் செடி குட்டை. ஒரு நோட்டு பாக்கியில்லாமல். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் அலமாரியைத் திறந்தேன். உள்ளே இருந்தவை ஜன்னலோரச் செடிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். வெளிறிப்போய், நூல்போல மெலிந்து, விரியாத மஞ்சள் இலையோடு துவண்டு கிடந்தன. ஆனால் உயரம். ஒரு மாணவியைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ அளந்தது இதைத்தானா?" என்றேன்.

"இதைத்தான் சார். ஆனா அது தப்பா வளர்ந்திருந்துச்சு. அதான் நோட்டுல சரியா எழுதிட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கரும்பலகையில் இருந்த வரி என் கையெழுத்து.

செடியிடம் ஒரு தப்பும் இல்லை. மண்ணுக்கு அடியில் முளைக்கிற விதை முதலில் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். அதற்காக வித்திலையில், அதாவது விதையின் பருப்புப் பகுதியில், சேர்த்து வைத்திருக்கும் உணவைத் தண்டை நீட்டுவதில் செலவழிக்கும். இலையை விரிப்பதையும் பச்சையம் உண்டாக்குவதையும் தள்ளிப்போடும். அலமாரிக்குள்ளும் அதையேதான் செய்தது. வெளிச்சம் வராததால் நீட்டிக்கொண்டே போனது. சேமிப்பு தீர்ந்ததும் சாய்ந்துவிடும்.

என் பங்குக்கு இன்னொரு கோளாறும் செய்திருந்தேன். 'வளர்ச்சி' என்றால் உயரம் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். இப்போது பிள்ளைகளிடமே கேட்கிறேன், நன்றாக வளர்ந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று. இலை எத்தனை, என்ன நிறம், தண்டு எவ்வளவு தடிமன் என்று பட்டியல் நீளும். யாராவது எடை என்று சொன்னால் அன்று எனக்கு நல்ல நாள். ஈரப் பஞ்சில் ஐம்பது விதைகளை இருட்டில் முளைக்கவிட்டு, பத்து நாளில் வேரோடு எடுத்து முழுக்க உலர்த்தி மொத்தமாக நிறுத்துப் பாருங்கள். ஊன்றும்போது இருந்த உலர்ந்த விதைகளின் எடையைவிடக் குறைவாகவே இருக்கும். அவ்வளவு உயரம் வளர்ந்தும் எடை குறைந்திருக்கிறது! சேமித்த உணவில் ஒரு பகுதியைச் சுவாசித்தே தீர்த்துவிட்டது. ஐந்தாறு செடிகளை வைத்து இதைச் செய்யாதீர்கள், சாதாரணத் தராசில் வித்தியாசம் தெரியாது.

எடை என்றதும் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லிவிடுவேன். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆனது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு செய்தார். அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. அளவு சரி, முடிவு தவறு. இதில் வேடிக்கை, 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான். கரி எரியும்போது வரும் வாயுவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மரத்துக்கு எடை கொடுத்ததில் பெரும் பங்கு அந்த வாயுவுக்கு, நாம் கார்பன் டை ஆக்சைடு என்கிறோமே அதற்கு, என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். தொட்டியை வைக்கும் முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தையும் காரணத்தையும் பேனாவால் எழுதட்டும். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள். ஊகம் பொய்த்தவர்களுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். அலமாரியைத் திறக்கும் நாளில் நான் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் ஒருவர், நீண்டு வளர்ந்த செடிகளைப் பார்த்துவிட்டு, "இந்தத் தொட்டியில ஏதோ கோளாறு" என்று சொல்லி மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார். நல்ல மனிதர்தான். கடைசி வரிசையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தொட்டிக்கு ஒரு விதை

அந்த ஒன்றுதான் முளைக்காது. பத்துப் போடுங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டை மாற்றுவது

அலமாரிக்குள் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிடும். வாடியது இருட்டாலா, வறட்சியாலா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. வெளிச்சம் கூடினால் நீர்ச்செடி விடும் ஆக்சிஜன் குமிழும் கூடுகிறதா என்று பார்க்க, விளக்கை அருகே நகர்த்திக் குமிழ் எண்ணுவதிலும் இதே சிக்கல் உண்டு. பழைய குண்டு பல்பு வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். எல்இடி பல்பு வையுங்கள், இல்லையென்றால் சூட்டைத் தடுக்க நடுவில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வையுங்கள்.

சோடா உப்பு எரிமலை

மாதிரி எரிமலைக்குள் சோடா உப்பைப் போட்டு வினிகரை ஊற்றியதும் பொங்கும், வகுப்பே கைதட்டும். வேதியியல் வகுப்பென்றால் நானும் கைதட்டுவேன். ஆனால் நிஜ எரிமலைக்குள் வினிகர் இல்லை. பாறைக்குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. அதில் கரைந்திருந்த நீராவியும் மற்ற வாயுக்களும் குமிழாகப் பிரிந்து குழம்பைத் தள்ளுகின்றன. இதைக் காட்ட மூடிய சோடா பாட்டில் ஒன்று போதும். திறக்கும் முன் குமிழ் ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள். பிறகு மெதுவாகத் திறவுங்கள்.

இன்னொன்று, நம் காலடியில் எல்லாமே கொதிக்கும் குழம்பு என்ற நினைப்போடு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மேலோட்டுக்கு அடியில் ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆழம் வரை இறங்கும் மேன்டில் என்ற அடுக்கு பெரும்பாலும் திடப்பாறைதான். திரவமாக இருப்பது அதற்கும் கீழே உள்ள வெளிக்கரு, அதாவது பூமியின் மையக் கருவின் வெளி அடுக்கு.

பூமியின் பாதையை முட்டைபோல வரைவது

வரைந்தால், "சூரியனுக்குக் கிட்டப் போறப்ப வெயில் காலம்" என்று பிள்ளைகள் சொல்லத்தான் செய்வார்கள். படம் அதைத்தானே சொல்கிறது? பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. வடபாதி உலகுக்கு அது குளிர்காலம். ஜூலையில் 15.2 கோடி. அளவு பிசகாமல் காகிதத்தில் வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும்.

பருவங்கள் மாறக் காரணம் பூமியின் அச்சின் 23.5 டிகிரி சாய்வு. ஒரு டார்ச்சைக் கட்டக் காகிதத்தின் மேல் நேராக அடித்து, வெளிச்சம் விழும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். டார்ச்சை நகர்த்தாமல் காகிதத்தைச் சாய்த்து மறுபடி எண்ணட்டும். அதே வெளிச்சம் அதிகக் கட்டங்களில் பரவி மங்கும்.

மண் ஜாடி

ஜாடியில் மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வைத்த பிறகு யாரும் தொடக் கூடாது. மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் சேரும், களிமண் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பீரியட் முடிவதற்குள் முடிவு வேண்டுமென்றால் வேறு ஏதாவது செய்யுங்கள்.

கண்ணாடியைச் சாய்த்து மாட்டுவது

சுவரில் மாட்டிய சிறிய கண்ணாடியில் இடுப்பு வரை தெரிகிறது. பின்னால் நகர்ந்தால் கால் தெரியுமா? வகுப்பே "தெரியும்" என்று கத்தும். தெரியாது. நாம் நகரும் அளவுக்குப் பிம்பமும் பின்னால் போகிறது. முழு உருவம் தெரிய நம் உயரத்தில் பாதி நீளமுள்ள கண்ணாடி தேவை, எவ்வளவு தள்ளி நின்றாலும். ஆனால் கண்ணாடி செங்குத்தாகச் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பின்னால் போகப் போகத் தெரிவது மாறும், செயல்பாடு பாழ்.

போன வாரம் இதைச் செய்து காட்டிய புது ஆசிரியர் விடையை முன்கூட்டிச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது, காலி அறையில் அவர் மட்டும் கண்ணாடியைப் பார்த்தபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.