மென் அழுகல் வந்தா மருந்தைத் தேடாதீங்க, ஈரத்தையும் காயத்தையும் கவனிங்க

மூட்டைய அவுக்கும்போதே ஒரு நாத்தம் அடிக்குது, உருளைக்கிழங்க எடுத்துப் பாத்தா தோல் நல்லாத்தான் இருக்கு, ஆனா கட்டைவிரலால லேசா அமுக்கினா பொதுக்குன்னு உள்ள போகுது, கொழகொழன்னு கூழ் மாதிரி வெளிய வருதுன்னா அது மென் அழுகலேதான். வெங்காயத்துல இன்னும் மோசம், வெளிய ஒண்ணுமே தெரியாது, குறுக்க வெட்டினா நடுவுல ஒரு இதழ் மட்டும் அவிஞ்சு போன மாதிரி இருக்கும்.

பெக்டோபாக்டீரியம், டிக்கேயா, இந்த ரெண்டு வகை பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம், முன்னாடி எர்வினியான்னு சொல்வாங்க. செல்லோட செல்ல ஒட்டி வச்சிருக்கிற பெக்டின்ங்கிற பசைய இது கரைச்சிடும், அதான் காய் அப்படியே குழைஞ்சு போகுது. 25-30 டிகிரி சூடும் ஈரமும் சேந்துட்டா ரொம்ப வேகமா பரவும். வந்த காய காப்பாத்த எந்த மருந்தும் கிடையாது, தயவுசெஞ்சு அதுக்கு காசு செலவு பண்ணாதீங்க.

இது நல்ல தோல ஓட்டை போட்டு உள்ள போகாது, மண்வெட்டி பட்ட வெட்டு, புழு கடிச்ச ஓட்டை, கீழ போட்டு அடிபட்ட இடம், இதெல்லாம்தான் அதுக்கு வாசல். அதனால வயல்ல தண்ணி தேங்காம மேட்டுப்பாத்தி போடுங்க, யூரியாவ அள்ளிப் போடாதீங்க, செடி கொழுத்து சதை தளதளன்னு ஆனா அழுகலுக்கு கொண்டாட்டம்தான். முட்டைக்கோஸ், கேரட், உருளைன்னு மாத்தி மாத்தி போடுறது பயிர் சுழற்சி ஆகாது, எல்லாத்துக்கும் இதே நோய்தான், நடுவுல கோதுமை கேழ்வரகு மாதிரி தானியம் போடுங்க.

அறுவடைய மண்ணு காஞ்சிருக்கும்போது செய்ங்க. வெங்காயத் தாள் கழுத்து வரைக்கும் சருகா காஞ்ச பிறகுதான் அறுக்கணும், பச்சையா அறுத்தா அந்த வெட்டு வழியாவே உள்ள இறங்கிடும். உருளைய 10-15 டிகிரில காத்தோட்டமா ரெண்டு வாரம் வச்சா தோல் காயமெல்லாம் ஆறிடும், அப்புறம் குளிர்ல வைங்க.

இன்னொண்ணு, சேமிக்கப் போற கிழங்க கழுவவே கழுவாதீங்க! மேல தண்ணி படலமா நின்னா கிழங்குக்கு காத்து போகாது, தோல்ல இருக்கிற நுண்துளையும் திறந்துக்கும், பாக்டீரியாவுக்கு அது போதும். தக்காளிய கழுவித்தான் ஆகணும்னா வெயில் சூட்டோட பச்சத்தண்ணில முக்காதீங்க, உள்ள இருக்கிற காத்து சட்டுன்னு சுருங்கி காம்பு வழியா தண்ணிய உறிஞ்சிக்கும், தண்ணில இருக்கிற கிருமியும் கூடவே போயிடும்.

வாரம் ஒருதடவையாவது குவியல மோந்து பாருங்க. ஒண்ணு அழுகி இருந்தா அதோட நீர் பட்ட பக்கத்துக் காயையும் சேத்து எடுத்துடுங்க. கத்தி, கூடையெல்லாம் மொதல்ல சோப்பு போட்டு அழுக்க எடுத்துட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து கழுவி நல்லா காய வச்சுட்டு திரும்ப எடுங்க.