பெரோவ்ஸ்கைட் படலம்: ஈதர் ஊற்றும் நொடிதான் முக்கியம்

சூரிய மின்கலத்தில் ஒளியை உறிஞ்சும் படிகப் படலம்தான் பெரோவ்ஸ்கைட். ஈய அயோடைடு 461 மி.கி., மெத்தில் அம்மோனியம் அயோடைடு 159 மி.கி., டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) 78 மி.கி. மூன்றையும் 600 மி.கி. டிஎம்எஃபில் (டைமெத்தில் ஃபார்மமைடு என்ற இன்னொரு கரைப்பான்) போட்டு ஒரு மணி நேரம் கலக்குங்கள். தெளிந்த மஞ்சள் கரைசல் கிடைக்கும். வடிகட்டாமல் பூசினால் ஒவ்வொரு துகளும் வால்நட்சத்திரம் போல ஒரு கோடு இழுத்துவிடும்.

கரைசலைத் தகட்டின் மேல் விட்டு, 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4000 சுற்று) 25 நொடி சுழற்றுங்கள். முதல் 10 நொடிக்குள், பரப்பு மங்குவதற்கு முன்பே, 0.5 மி.லி. டைஎதில் ஈதரை நடுவில் சீராக ஊற்ற வேண்டும். ஈதர் டிஎம்எஃபை மட்டும் கழுவி எடுக்கும்; டிஎம்எஸ்ஓ ஈயத்தோடு ஒட்டி நின்று படிகமாவதைத் தாமதப்படுத்தும். சரியாக அமைந்தால் படலம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். பால்போல மங்கினால் ஊற்றியது தாமதம். அதைச் சூடாக்கிப் பயனில்லை, ஊசித்துளைகள்தான் மிஞ்சும்.

பிறகு 65 டிகிரியில் 1 நிமிடம், 100 டிகிரியில் 2 நிமிடம். பளபளப்பான அடர்பழுப்பு வர வேண்டும். சூட்டை நீட்டித்தால் மெத்தில் அம்மோனியம் அயோடைடு வெளியேறி, ஈய அயோடைடின் மஞ்சள் தலைகாட்டும்.

ஈரப்பதம் இந்தக் கணக்கையெல்லாம் குலைக்கும், அதனால் நைட்ரஜன் பெட்டிக்குள் பூசுவதே நல்லது. ஈயம் நஞ்சு, ஈதர் எளிதில் தீப்பிடிக்கும், கையுறை கட்டாயம். பெரிய தகடுகளில் ஈதர் சீராகப் பரவாது. அங்கே கரைசலை பிளேடால் இழுத்துப் பூசி, காற்றுக்கத்தியால் (மெல்லிய பட்டையாக வேகமாக வீசும் காற்றால்) உலர்த்துவார்கள்.