வெர்டன்ட் என்ற சொல் பொருந்துமா என்று அறிய ஒரு வழி

ஆங்கிலத்தில் எழுதும்போது வெர்டன்ட் (verdant) என்ற சொல் ஓரிடத்தில் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தால், அங்கே 'பசுமை போர்த்திய' என்று தமிழில் வைத்துப் பாருங்கள்; பொருள் இயல்பாக அமைந்தால் தயங்காமல் எழுதலாம், 'பச்சை நிற' என்பது மட்டுமே பொருந்தினால் கிரீன் என்பதே சரி. லத்தீனில் பச்சையைக் குறிக்கும் விரிடிஸ் என்ற சொல்லோடு உறவுடையதாயினும், இன்றைய வழக்கில் வெர்டன்ட் என்பது பெரும்பாலும் வெறும் நிறத்தைச் சுட்டாமல், புல்லும் செடிகொடிகளும் உயிர்ப்போடு நிலத்தை மூடியிருக்கும் தோற்றத்தையே சுட்டுகிறது. ஆகவே பள்ளத்தாக்கும் மலைச்சரிவும் புல்வெளியும் வெர்டன்ட் ஆகலாம். பச்சைப் பேனாவும் பச்சைக்கிளியும் ஆகா. செழித்து அடர்ந்ததைக் குறிக்கும் லஷ் (lush) என்பதோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். மழைக்குப் பின் விரலளவே முளைத்து, வெயிலில் மின்னும் இளம்புல் பரப்பு வெர்டன்ட். அதுவே அடர்ந்து செழித்தால்தான் லஷ்.

அனுபவமற்ற இளைஞரைக் குறிக்கும் அருகிய வழக்கும் இச்சொல்லுக்கு உண்டு. அங்கே இச்சோதனை உதவாது. அன்றாடப் பேச்சிலும் இது சற்று அலங்காரமாக ஒலிப்பதால், அங்கே கிரீன் என்பதே போதும்.